ஐந்தாம் மாடியில் மீன்

உயரமான கட்டடமும் மூச்சு விடும் என்பது எனக்கு முதன்முதலாக உறைத்தது, மீன் காயவைக்கும் கடலோர ஊரான பேசாலையிலிருந்து கொழும்பு போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த இரண்டு பெண்களின் பேச்சைக் கேட்டபோதுதான்.

“மீன் காயப்போட்டதுக்கு மகளைக் கொழும்பு வீட்டால வெளியேத்தப் பாக்கிறாங்களாம், மச்சாள்.”

“என்ன கதை இது?”

“அவள் இருக்கிற கட்டடத்தில கீழ கடை, மேல வீடுகள். ஏசி தேவைப்படாமல் நடுவில கிணறு மாதிரித் திறந்துவிட்டிருக்கினம், காத்து மேல ஏற. இவள் ஐஞ்சாம் மாடியில, நல்ல காத்தெண்டு அதுக்குள்ள மீனைக் கட்டித் தொங்கவிட்டிட்டாள். மேல் வீடெல்லாம் மணம்.”

“பேசாலைப் பிள்ளை காத்தைக் கண்டால் சும்மா இருப்பாளோ?”

“சிரிக்காதை. இன்னொருக்காச் செய்தால் வெளியில போகவேணுமாம். பேரனுக்குப் பள்ளிக்கூடமும் அங்கதான்.”

“அப்ப மடியில என்ன பை?”

மகளின் கதை சொன்னவர் பையை இறுக்கிப் பிடித்தார்.

“உப்புப் போட்ட மீன். இன்னும் காயேல்லை. நாளைக்கு நானே மொட்டை மாடிக்கு ஏறி, அந்தக் கிணத்து வாயை விட்டுத் தள்ளி, மணம் வீடுகளுக்குள்ள போகாமல் காத்து வெளியில போற பக்கமாப் பார்த்துக் காயப்போடப்போறன்.”