ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும்

தண்ணீருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சுத்தமான தண்ணீரைச் சரியான குழாயில் ஓடவிட்டால் அதைப்போல நல்ல காவல் வேறு கிடையாது.

காதியார் அவர்களே, என் மனைவி ஜெஸீமா என்னிடமிருந்து பிரிய வேண்டும் என்று உங்களிடம் வந்திருக்கிறாள். காரணம் கேட்டதற்கு, மீராசாவின் கம்ப்யூட்டரில் இருந்த படங்கள் இனித் திரும்பாது என்று தெரிந்த அன்று நான் நோன்பு திறந்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னாளாம். சாப்பிட்டது உண்மைதான். அன்று நல்ல பசி. மற்றதை அவள் ஊகித்திருப்பாள். ஊகத்தை வைத்து நீங்கள் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை என்பதால் நடந்ததை நானே சொல்கிறேன்.

மீராசாவை உங்களுக்குத் தெரியும். கல்முனை பஸாரில் படக்கடை வைத்திருக்கிறான். சுனாமிக்குப் பிறகு சேற்றிலிருந்து பொறுக்கிய படங்களை ஊர்ச்சனம் அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. அழுகிப்போன கல்யாணப் படம், பாதி கரைந்த அடையாள அட்டைப் படம், எல்லாவற்றையும் அவன் கம்ப்யூட்டரில் ஏற்றி, கண் மூக்கைச் சீராக்கி, கடலில் மௌத்தானவர்களை அவரவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான். கைராசிக்காரன் என்று ஊரெல்லாம் பேச்சு. அவனுடைய கம்ப்யூட்டரைப் பழுது பார்த்துக் கொடுப்பவன் நான்தான். என் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.

எங்கள் மகள் ஹஸ்னா கடலோடு போனபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் பிறந்தபோது நான் ஜித்தாவில் இருந்தேன். வேலையை விட்டு வந்து ஒரு வருடம்தான் அவளோடு இருந்திருப்பேன். கடல் வந்த அன்று இறக்காமத்தில் ஓர் அரிசி ஆலையின் கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஜெஸீமாவின் கையிலிருந்துதான் வழுகிப் போனது. அதை நான் ஒருநாளும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை. ஓரிரு தரம் சொல்லியிருக்கலாம்.

வீட்டோடு படங்களும் போய்விட்டன. நாலு வருடம் பிள்ளையின் முகம் எங்களிடம் இருக்கவில்லை. பிறகு பொத்துவிலில் ஜெஸீமாவின் சாச்சி வீட்டில், ஒரு கல்யாணத்தில் எடுத்த படச்சுருளின் துண்டு அகப்பட்டது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஹஸ்னா நிற்கிறாள். முகத்தில் பாதியை யாரோ ஒருவரின் தோள் மறைத்துவிட்டது. தெரிகிற கன்னத்தில் ஒரு குழி. மீராசா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஏற்றி முடித்த கையோடு சுருள் பொடிப்பொடியாக உதிர்ந்துபோனதாம். அதன்பிறகு என் பிள்ளை அவனுடைய கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தாள்.

மறைந்திருந்த பாதி முகத்தை அவன் வரைய வேண்டியிருந்தது. ஜெஸீமா அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கே போய், புருவம் இப்படி, உதடு இப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். மீராசாவின் உம்மா ஆமினா உம்மா எந்நேரமும் கூடவே இருந்தார். ஒரு தப்பும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். வீட்டுக்கு வரும்போது ஜெஸீமாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தை நான் அவளுக்குக் கொடுத்ததே இல்லை. என் பிள்ளையை வைத்து இன்னொருவன் கொடுத்தான்.

ஒருநாள் நானும் பார்க்கப் போனேன். திரையில் இருந்த பிள்ளை யாரென்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. அதனால் நன்றாகக் கவனித்துப் பார்த்தேன். குழி இடது கன்னத்தில் இருந்தது. வலது கன்னத்தில்தான் இருக்க வேண்டும், நீ சுருளைப் புரட்டி வைத்து ஏற்றிவிட்டாய், அதனால் இடம் வலமாகிவிட்டது என்று மீராசாவிடம் சொன்னேன். சுருளில் அப்படி நடப்பது உண்டு.

அவன் அண்ணனிடம் பேசுவதுபோல மரியாதையாகத்தான் பதில் சொன்னான். "ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லுங்க காக்கா. நான் திருப்பிப் போடுறன்."

ஜெஸீமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க மறந்திட்டீங்க. அதுக்காவ புள்ளட முகத்த மாத்தாதீங்க."

ஆமினா உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததும் மீராசாவுக்கு வேலை கூடியது. திருக்கோவிலில் இருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சனம் படங்களோடு வந்தது. கடை தகரக் கூரை. கம்ப்யூட்டர் பகல் முழுவதும் ஓடியது. மதர்போர்டின் நடுவில் சிப்செட் என்று ஒரு சில்லு உண்டு. எல்லாப் போக்குவரத்தும் அதன் வழியாகத்தான். அதன் தலைமேல் இருந்த சின்ன விசிறி உப்புக்காற்றில் இறுகி நின்றுவிட்டது. பெரிய படம் ஒன்றைத் திறந்தால் போதும், கம்ப்யூட்டர் உறைந்துவிடும். ஹஸ்னாவின் படம் முக்கால்வாசியில் நின்றது. முடியாத படத்தை அவன் யாருக்கும் கொடுப்பதில்லை.

டோஹாவில் இருக்கும் அவனுடைய தம்பி தண்ணீரால் குளிரூட்டும் சாமான்களை அனுப்பினான். பம்பு, குழாய், சூட்டை வெளியே விடும் செம்புக் கூடு, ப்ராசஸரின் மேல் வைத்துத் தண்ணீரை ஓடவிடும் செம்புக் கட்டி, எல்லாம் வந்தன. சிப்செட்டின் மேல் வைக்கும் கட்டி மட்டும் வரவில்லை. காக்கா, நீங்களே பார்த்து ஒன்றைத் தெரிந்து எடுங்கள் என்று மீராசா சொன்னான். மதர்போர்டின் துளைகளுக்கு அளவெடுக்கப் போனேன். அவன் கடையை என்னிடம் விட்டுவிட்டு லுஹர் தொழப் போனான்.

கட்டி வாங்கப் போன கொழும்புக் கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று செம்பு. பாரம், மங்கலான நிறம், துளைகள் அப்படியே பொருந்தும். மற்றது அலுமினியம், நீலப் பூச்சு, கையில் எடுத்தால் காகிதம் மாதிரி. ஒரே தண்ணீர் செம்பையும் அலுமினியத்தையும் தொட்டு ஓடினால் அலுமினியம் அரிபடும். தண்ணீரில் உப்பு இருந்தால் சீக்கிரமாகவே அரிபடும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது பாலபாடம். நான் அலுமினியத்தை எடுத்தேன். துளைகள் பொருந்தவில்லை. அரம் போட்டு நானே அகட்டினேன்.

தண்ணீர் விஷயத்திலும் கவனமாக இருந்தேன். பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கேனைக் கழுவி, கடற்கரையில் எங்கள் பழைய வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போனேன். கடல் வந்து போனதிலிருந்து அந்தக் கிணறு கரிக்கிறது. மீராசா கேனைப் பிடிக்க, நான் ஊற்றினேன். கம்ப்யூட்டர் குளிர்ந்தது. அவன் என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டான்.

படங்களை வேறு எங்காவது பிரதி எடுத்து வை என்று எல்லாக் கடைக்காரருக்கும் சொல்கிற நான் அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

நோன்பு மாதத்தில் கட்டியின் ஒரு மூலை ஓட்டையாகி ஒழுகியது. கீழே இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் நனைந்து கருகின. எல்லாப் படமும் அந்த இரண்டில்தான். மீராசா அவற்றைத் துவாயில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல என் கடைக்குக் கொண்டுவந்தான். எப்படியாவது காப்பாற்றித் தரச் சொல்லி அழுதான்.

இதுவரை நான் சொன்னதை வைத்து, கட்டியைத் தெரிந்து எடுத்ததுதான் என் தப்பு என்று நீங்கள் எழுதலாம். அது முழுமையாகாது. தண்ணீர் பட்டால் டிஸ்க்கின் அடியில் உள்ள பச்சைப் பலகைதான் கருகும். படங்கள் உள்ளே தட்டில் பத்திரமாக இருக்கும். அதே மாதிரி டிஸ்க் ஒன்றின் பலகையை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் எல்லாம் திரும்பி வரும். அதே மாதிரி டிஸ்க் என் மேசை லாச்சியில் கிடந்தது.

நான் மூடியைக் கழற்றினேன். தட்டு கண்ணாடிபோலப் பளபளத்தது. என் முகம் அதில் தெரிந்தது. ஒரு சிட்டிகை மணலைத் தூவி, பழைய சாரத் துண்டால் துடைத்தேன். மற்றதையும் அப்படியே செய்தேன். சுத்தமாகத்தான் செய்தேன்.

அடுத்த நாள் படக்கடைக்குப் போய், உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னேன். பாண்டிருப்பிலிருந்து வந்த தம்பிமுத்து என்ற மீனவர் அங்கே உட்கார்ந்திருந்தார். கடல் கொண்டுபோன தன் மனைவி பாலம்மாவின் படத்துக்காகக் காத்திருந்தவர். அவர் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி. கடல் ரெண்டாந்தரமும் எடுத்துப்போட்டுது."

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. கடல் அங்கே வரவே இல்லை.

ஜெஸீமாவும் அங்கே இருந்தாள். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். மகள் மௌத்தானதற்குப் பிறகு முதல் தடவையாக ஹஸ்னா எனக்கு மட்டும் மகள் என்று தோன்றியது.

மற்றவர்களின் மௌத்துகள் என்ன பாவம் செய்தன என்று கேட்டீர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களும் அதே டிஸ்க்கில் இருந்தார்கள், அவ்வளவுதான். நான் செய்தது ஜெஸீமாவுக்காக. இடம் வலம் மாறிய ஒரு பிள்ளையைச் சுவரில் மாட்டிவைத்து, அதைத் தன் மகள் என்று அவள் காலமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

சுருள் புரண்டிருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று உங்களோடு அமர்ந்திருக்கும் ஜூரிமாரில் ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. அளவெடுக்கப் போன அன்று, மீராசா தொழப் போயிருந்த நேரத்தில், நானும் அதைத்தான் தேடினேன். அந்தக் கல்யாணப் படத்தைத் திறந்து மாப்பிள்ளையின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுருள் புரண்டிருந்தால் கடிகாரம் வலது கைக்கு மாறியிருக்க வேண்டும். அது இடது கையில்தான் இருந்தது. படத்தை மூடிவிட்டு அளவெடுத்தேன்.

ஆனால் காதியார் அவர்களே, வலது கையில் கடிகாரம் கட்டுகிற மாப்பிள்ளைமாரும் இருக்கிறார்கள்.