மஞ்சள் டேப் சுற்றிய கைப்பிடி

விடிகாலை நான்கு மணி பத்து நிமிடம். தொழிற்கூடங்களுக்குப் பின்னால் செல்லும் சாலை. ஒன்று விட்டு ஒன்றுதான் விளக்குகள் எரியும். இருபுறமும் பூட்டிய ஷட்டர்கள்... ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வேன் ஒன்று மெல்லச் சென்றுகொண்டிருந்தது. ஓட்டியவர் தனியாக இருந்தார்.

"தனியாத்தான் இருந்தாரு... அப்படின்னு அவரு நெனச்சுக்கிட்டிருந்தாரு" என்றார் லிப்ட்காரர்.

நாங்கள் நால்வர் ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படியில் நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். பாலிஷ்காரரும் நானும் கீழ்த்தளம் முழுவதும் மெழுகு பூசி முடித்திருந்தோம். அது உலர இரண்டு மணி நேரமாகும். அதுவரை யாரும் தரையில் கால் வைக்கலாகாது. லிப்டைப் பழுது பார்க்க வந்தவரும் எங்களோடு அகப்பட்டுக்கொண்டார். விளக்குகளை அணைத்திருந்தார்கள். காவலாளியின் டார்ச் மட்டும் படியில் கிடந்தது.

"பேய்க் கதைன்னா எனக்குப் பயமே கிடையாது. ஆனா அந்த டார்ச்ச இந்தப் பக்கம் வைங்க" என்றார் பாலிஷ்காரர்.

லிப்ட்காரர் சிரிக்கவில்லை. "இது என் மச்சானுக்கு நடந்தது. என் சம்சாரத்தோட அண்ணன்" என்றார்.

அவர் சொன்ன வரிசையிலேயே இதை எழுதுகிறேன். கூட்டவோ குறைக்கவோ எனக்குத் துணிவில்லை.

அண்ணன் தம்பி இருவர். ஊரார் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே அழைப்பார்கள். பெரியவர்தான் லிப்ட்காரர் சொன்ன மச்சான். கட்டடங்களின் வெளிக் கண்ணாடிகளைக் கழுவுவது அவர்கள் தொழில். ஏணி கிடையாது, கயிறு கிடையாது. தரையில் நின்றபடியே தண்ணீர்க் கம்பால் கழுவுவார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய ஆறு குழாய்த் துண்டுகள்... இழுத்தால் ஐந்தாம் மாடி வரை நீளும். துண்டுக்குத் துண்டு கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். உள்ளே மெல்லிய ஹோஸ் ஓடும். நுனியில் பிரஷ். வேனிலிருந்து பம்பு தள்ளும் தண்ணீர், உச்சியில் போய்ப் பொழியும்.

அந்தக் கம்பைத் தேர்ந்தெடுப்பதில் பெரியவரை மிஞ்ச ஆளில்லை என்றார் லிப்ட்காரர். நீளம் அதிகமென்று வாங்கக் கூடாது. எட்டுவதற்குப் போதுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். முழுவதும் நீட்டி, நுனி எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் விரல் கணுவால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல துண்டு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கீறல் விட்டிருந்தால் சத்தம் செத்துவிடும்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்வளவு பாக்கலையே" என்றார் பாலிஷ்காரர்.

"அதான் உங்க வீட்டுல அவங்க உங்களத் தட்டித் தட்டிப் பாக்குறாங்க" என்றார் காவலாளி.

சிரித்தோம். லிப்ட்காரர் பொறுமையாகக் காத்திருந்தார்.

வேலை முடிந்ததும் துண்டுகளைக் கழற்றி மணல் போகக் கழுவுவது, துணியால் துடைத்து நிழலில் உலர்த்துவது... இவையெல்லாம் சின்னவரின் பொறுப்பு. கிளாம்பில் ஒரு சொட்டு எண்ணெய் படவிட மாட்டார். பட்டால் பிடி வழுக்கும். உச்சியிலிருக்கும் துண்டு சரிந்து இறங்கும்.

அவர்களிடம் கார்பன் கம்புகள் இரண்டு இருந்தன. கார்பன் எடை குறைவு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கைபிடிக்கும் அடித்துண்டு மட்டும் ஃபைபரில் இருக்கும். ஃபைபர் கடத்தாது. அதை நம்பி மின்கம்பிக்கு அருகில் போகலாம் என்று பொருளல்ல. இருந்தாலும் அது ஒரு காப்பு. ஃபைபர் துண்டு என்பதற்கு அடையாளமாக அவர்கள் அதில் மஞ்சள் டேப் சுற்றி வைப்பார்கள். டேப் இல்லாத கம்பைச் சின்னவர் தொடவே மாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு கம்புகளின் ஃபைபர் துண்டுகளும் கீறல் விட்டுப் போயின. புதியவை வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கையில் வேலை குவிந்து கிடந்தது. பெரியவர் ஒரு பழைய கார்பன் கம்பை அறுத்தார். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு கம்புகளுக்கும் அடியில் அதையே போட்டார்.

பிறகு... அதன்மேல் மஞ்சள் டேப்பைச் சுற்றினார்.

"ஏன்?" என்றேன் நான்.

"டேப் இல்லன்னா தம்பி தொட மாட்டானே. ஒரு மாசம்தானே, அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுட்டாரு. தம்பிகிட்ட சொல்லல."

ஒரு மாதம் நான்கு மாதமாயிற்று.

ஒரு மாலை, ஒரு கட்டடத்தின் முன்பக்கத்தை முடித்துவிட்டுப் பக்கவாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நடப்பதற்கு முன் கம்பை மடக்க வேண்டும் என்பது விதி. பத்தடிதானே என்று சின்னவர் மடக்காமல் நிமிர்த்தியபடியே நடந்தார். அந்தச் சந்தில் தலைக்கு மேலே மின்கம்பி சென்றது.

அவ்வளவுதான்.

விசாரிக்க வந்தவர்கள் கருகிய கம்பைப் பார்த்தார்கள். கம்பை மடக்காமல் நடந்தது அவர் தவறு என்று எழுதிக்கொண்டு போனார்கள். கைப்பிடித் துண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பெற்ற தாயே, "அவன் எப்பவும் அவசரக் குடுக்கைதான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சின்னவரின் மனைவி ஒரே ஒரு முறை கேட்டார்.

"மாமா, கம்பு சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான்மா இருந்துச்சு."

அன்றிலிருந்து பெரியவரின் கைகள் மரத்துவிட்டன. சூடான டம்ளரைப் பிடிப்பார், சூடு தெரியாது. ஆணி குத்தும், இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அறிவார். அழவும் இல்லை. கேட்டால், "ஒண்ணும் தோணல மாப்ள" என்பாராம். கண்ணாடியில் அழுக்கு எங்கே ஒட்டியிருக்கிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கம்பின் வழியாகக் கையே சொல்லும். இப்போது கை ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணை வைத்து வேலை பார்த்தார்.

மூன்று மாதம் கழிந்தது. ஒரு நாள் மாலை சின்னவரின் மனைவி ஷெட்டுக்கு வந்து நின்றார்.

"வீட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாள் மாமா உக்காந்திருக்கறது? உங்களுக்கும் கூட ஆள் இல்ல. நான் வர்றேன்."

"இது கஷ்டமான வேலைம்மா."

"அவரு செய்யலையா? கத்துக்கறேன்."

சுவரோரம் நான்கைந்து கம்புகள் சாத்தியிருந்தன. சின்னவரின் மனைவி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் ஒன்றை எடுத்தார். கருகாமல் மிஞ்சிய இரண்டாவது கார்பன் கம்பு அது.

"இது போதும். மஞ்ச டேப் சுத்தினதுதான் பத்திரம்னு அவரு சொல்லுவாரு. நாளைக்கே வந்துடறேன் மாமா."

பெரியவர் வாயைத் திறந்தார். 'அதன் கைப்பிடியும் கார்பன்' என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினார்.

இரவு முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னவரின் மனைவி வருமுன்பே அந்தக் கம்பை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வேலையை முடித்துவிட்டு, வேன் சக்கரத்தைக் கைப்பிடியின் மேல் ஏற்றிவிட வேண்டும். தவறுதலாக உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவரும் பிழைப்பார்... கேள்வியும் வராது.

"அந்தப் பொம்பளகிட்ட உண்மையச் சொல்றதவிடக் கம்ப ஒடைக்கறது சுலபமா போச்சு பாருங்க" என்றார் காவலாளி.

"விடுய்யா. நாம மட்டும் என்ன?" என்றார் பாலிஷ்காரர். அவர் அப்போது விளையாட்டாகப் பேசவில்லை.

அதனால்தான் விடிகாலை நான்கு பத்துக்கு அந்தச் சாலை.

அலுவலகக் கட்டடம். ஐந்து மாடி. சுற்றுப்புறத்தில் எங்கும் மின்கம்பி இல்லை. அதை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொண்டார். வேனை நிறுத்தினார். பம்பை இயக்கினார். கம்பைச் சுவரோரம் நிமிர்த்தி ஒவ்வொரு துண்டாக நீட்டினார். டக்... டக்... டக்... உச்சியில் தண்ணீர் பொழிந்தது. மேலிருந்து கீழாக, சன்னல் சன்னலாகக் கழுவிக்கொண்டு வந்தார். கையில் ஒன்றும் தெரியவில்லை. மனத்திலும் ஒன்றுமில்லை.

கடைசிச் சன்னல். முதலில் விட்டுப்போன ஐந்தாம் மாடி மூலை. முடித்தார். பம்பை நிறுத்தினார்.

தண்ணீர் நிற்கவில்லை.

ஹோஸில் மிச்சமிருக்கும் என்று காத்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மேலே தண்ணீர் பொழிந்துகொண்டே இருந்தது. சரி, கம்பை இறக்குவோம் என்று கிளாம்பைத் தொடப் போனார். தொட முடியவில்லை. வலது கை கைப்பிடியிலிருந்து வரவில்லை. இடது கையும் வரவில்லை. விரல்கள் மடங்கியபடியே இருந்தன. வலியில்லை... இழுப்பும் இல்லை. வேறு யாருடைய விரல்களையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது வாசனை வந்தது. கம்பைக் கட்டியிருக்கும் பிசின் சூடேறும் வாசனை. அதோடு... முடி தீயும் வாசனை.

மேலே பிரஷ் நகர்ந்தது.

சர்ர்... சர்ர்... அவர் நகர்த்தவில்லை. சட்டத்தின் மேல்விளிம்பை முதலில், இடமிருந்து வலமாக. பிறகு கண்ணாடி. பிறகு பிரஷைச் சட்டத்தில் இரண்டு முறை தட்டும் சத்தம். டொக், டொக். ஒட்டியிருக்கும் நீரை உதறுவதற்காக அப்படித் தட்டுவது சின்னவரின் வழக்கம். 'பெயின்ட் போயிடும்டா, தட்டாத' என்று பெரியவர் பத்து வருடம் திட்டியிருக்கிறார்.

"யாரு... தம்பியா?"

சர்ர்... சர்ர்... மீண்டும் முதலிலிருந்து. டொக், டொக்.

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. பயம் வந்ததா என்று லிப்ட்காரர் பிற்பாடு கேட்டாராம். பயமும் வரவில்லை என்றாராம். பிரஷ் நிற்கவே போவதில்லை என்பது மட்டும் புரிந்ததாம். விடிந்தாலும் நிற்காது. ஆட்கள் வந்து பார்த்தாலும் நிற்காது.

"டேய்..." என்றார். பிறகு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர் போல ஒரே குரலில் சொன்னார். "கைப்பிடிய மாத்துனது நான்தான். கார்பன் போட்டேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு டேப்பு சுத்துனேன். ரெண்டு கம்புலயும் அப்படித்தான். உன் பொண்டாட்டிகிட்டப் பொய் சொன்னேன்."

பிரஷ் நின்றது.

தண்ணீர் நின்றது. உச்சித் துண்டு தானாக அடுத்த துண்டுக்குள் இறங்கியது. பிறகு அதற்கடுத்தது. மிகவும் மெதுவாக, தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துவது போல, கம்பு மொத்தமும் மடங்கி வந்து அவர் காலடியில் நின்றது. விரல்கள் விரிந்தன.

அவர் கம்பின் மீது வேனை ஏற்றவில்லை. அதை உள்ளே போட்டுக்கொண்டு நேராகச் சின்னவரின் வீட்டுக்குப் போனார். வழியில் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கதவைத் தட்டுமுன்பே அது திறந்தது. சின்னவரின் மனைவி தலை பின்னி, வேலைக்குத் தயாராக நின்றார்.

"நானே கிளம்பிட்டேன் மாமா. நீங்க ஏன் இவ்வளவு தூரம்..."

"உள்ள வரலம்மா. ஒண்ணு சொல்லணும். இங்கயே நின்னு சொல்லிடறேன்."

சொன்னார். அறுத்தது, பொருத்தியது, டேப் சுற்றியது, மறைத்தது. அன்று விடிகாலை உடைக்கப் போனதையும் சொன்னார். எதையும் விடவில்லை. சின்னவரின் மனைவி கதவைப் பிடித்தபடி கேட்டார். கண்ணில் நீர் வரவில்லை. பெரியவர் சொல்லி முடித்த பிறகும் வெகுநேரம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, அவரு மேல மட்டும் தப்பில்ல."

"இல்லம்மா."

"இத அத்தைகிட்டயும் நீங்களே சொல்லணும். என் பக்கத்துல நின்னு சொல்லணும்."

"சொல்றேம்மா."

லிப்ட்காரர் இந்த இடத்தில் நிறுத்தினார். கீழே உலர்ந்துகொண்டிருந்த மெழுகின் மணம் படியேறி வந்தது. காவலாளி டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அப்புறம்? கதை முடிஞ்சுதா?" என்றார் பாலிஷ்காரர். அவருடைய முழங்கை என் விலாவில் அழுந்தியிருந்தது.

"அத்தோட முடிஞ்சிருந்தா நான் இத ஏன் சொல்லப் போறேன்..."

பெரியவர் கிளம்புவதற்காகக் காலை எடுத்தாராம். அப்போது சின்னவரின் மனைவியின் பார்வை அவர் முகத்திலிருந்து நகர்ந்தது. அவர் தோளுக்கு மேலே... சற்றே பின்னால்... ஒரு ஆள் உயரத்தில் போய் நின்றது. அந்த வீதியில் அந்நேரம் யாருமில்லை. அவர் வந்தபோது யாருமில்லை.

"அவர ஏன் மாமா வெளியவே நிக்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம் அந்த அம்மாள், மிகச் சாதாரணமான குரலில். "தலையெல்லாம் நனைஞ்சிருக்கு, பாருங்க."

பெரியவர் திரும்பவில்லை.

சின்னவரின் மனைவி கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தார். பிறகு, உள்ளே போகிறவருக்கு வழி விடுவது போல, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் தள்ளி நின்றார்.