அக்காவின் நான்கு மாதமும் மூன்று புத்தகங்களும்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த ஆன்றோர்களே, அன்பே உருவான தாய்மார்களே, கேட்காமலே அறிவுரையை அள்ளி வழங்கும் வள்ளல்களே, அனைவருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்ன கூட்டத்துக்கு நானே தலைவனாக இருந்தவன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவனுக்கு நூலக ஆண்டுவிழாவில் என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். நியாயம்தான் ஐயா. சொல்கிறேன்.

என் அக்கா கணக்கு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் அடக்குகிறவள். ஒரு திங்கட்கிழமை அவள் கட்டிலை விட்டு எழவில்லை. மறுநாளும் எழவில்லை. நான்கு மாதம் எழவில்லை. குளியல் நின்றது. பேச்சு நின்றது. சோறு பாதித் தட்டில் நின்றது. எங்கள் வாய் நின்றதா? நிற்குமா?

"சும்மா இருக்கிற மனசுக்குத்தான் இதெல்லாம் வரும்" என்றார் சித்தப்பா. முப்பது ஆண்டுகள் சும்மாவே இருந்து அவர் கண்டறிந்த உண்மை அது. "எல்லாம் திமிரு" என்றார் மாமா. அடியேன் நாள்தோறும் கட்டிலருகே நின்று, "மனசு வச்சா முடியும், எந்திரிக்கா" என்று முழங்கினேன். கால் முறிந்தவளை ஓடச் சொன்ன மாவீரன் நான்.

அந்த நாட்களில்தான் இந்த நூலகத்தின் லிஃப்டைச் சரிசெய்ய வந்தேன். வந்த இடத்தில் புலம்பினேன். நூலகர் அம்மா மூன்று புத்தகங்களை நீட்டினார். "இதுல அறிவுரை இருக்காது. கடுமையான மனச்சோர்வுல கெடந்தவங்க தங்களைப் பத்தி எழுதினது. படிங்க."

படித்தேன். ஒரு விமானி எழுதியிருந்தார்: "பல் துலக்கும் பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் கைதான் எனக்கு எட்டவில்லை." ஒரு சமையல்காரர் எழுதியிருந்தார்: "வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒருவரும் கேட்கவில்லை. சாகத் தோன்றுகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்."

அன்று மாலை அக்காவின் அறையில் தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, செத்துரலாம்னு தோணுதா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "தோணுது. தினமும். நீ பயந்துருவேன்னு சொல்லலை."

"பயமாத்தான் இருக்கு. டாக்டர்கிட்ட போலாம், நானும் வரேன்."

"புடவை மாத்த முடியாதுடா."

"மாத்த வேணாம்."

கசங்கிய நைட்டியோடு அழைத்துப் போனேன். "குடும்ப மானம் போச்சு" என்றார் சித்தப்பா. போகட்டும். அக்கா போகவில்லை.

மருந்து இரண்டு முறை மாறியது. பதினோரு மாதம் ஆனது. இப்போது அரைநாள் பள்ளிக்குப் போகிறாள். புத்தகமா குணமாக்கியது? இல்லை. மருத்துவரும் மருந்தும் அவளைப் பார்த்துக்கொண்டார்கள். புத்தகம் என்னைப் பார்த்துக்கொண்டது. வலியை வாழ்ந்தவர் எழுதிய ஒரு பக்கம், வாழாதவர் வழங்கும் ஆயிரம் உபதேசத்தை விட உயர்ந்தது. ஆகவே படியுங்கள். படித்துவிட்டு வாயை மூடுங்கள். மூடிவிட்டுக் கேளுங்கள்.

இன்று காலை அக்காவை விழாவுக்கு அழைத்தேன். "இன்னிக்கு முடியலைடா" என்றாள். பழைய நானாக இருந்தால் அரைமணி நேரம் முழங்கியிருப்பேன். "சரிக்கா" என்றேன்.

"நீ போய்ப் பேசு. ஆனா திரும்பி வந்து எனக்குப் பேசிக் காட்டாதே."

அந்த ஆணைக்கு அடங்கி, இங்கேயே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டேன். பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வீட்டில் படுத்திருப்போர்க்கும் சேர்த்து, வணக்கம்.