நவமணியைப் பார்க்கப் போன ஞாயிறுகள்

தேத்தண்ணீரில் சீனி தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. இந்த வீட்டில் கலக்குகிறவன் நான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை, அளவு தெரியாது.

வாய்க்கும் அளவு தெரியாது. சுங்கை சிப்புட்டில் என் பேரைச் சொல்லி, பத்துமலை வீடு எது என்று கேட்டிருப்பீர்கள். சிரித்துவிட்டுத்தான் வழி காட்டியிருப்பார்கள். தோட்டத்தில் ஒரு புலி என்னிடம் வழி கேட்டது. நான் காட்டிய வழியில் போய்த் துரை பங்களாவில் மாட்டிக்கொண்டது. இன்னொரு வருஷம் பெய்த மழையில் எங்கள் லயத்துக் கோழிகள் நீந்தக் கற்றுக்கொண்டன. கள்ளுக்கடையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எழுந்து போவார்கள். ஒருவரும் நம்பியதில்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வந்தது என் மருமகளைப் பற்றிக் கேட்க. சொல்கிறேன்.

எழுபத்தேழில் எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். சேமநிதிப் பணம் மனைவியின் வைத்தியத்தோடு போயிற்று, அவளும் போனாள். எனக்கு மிச்சம் மகன் கார்த்திகேசு. மரலாரி ஓட்டுகிறவன். அவன் வாடகைக்கு எடுத்த இந்த வீட்டில் எனக்கு ஒரு கட்டில். அப்புறம் அவனுடைய இன்சூரன்ஸ். மலைப்பாதையில் மரம் ஏற்றி இறங்குகிறவனுக்கு என்றைக்கு என்ன ஆகும் என்று யார் சொல்ல முடியும்? ஏதாவது ஆனால் பணம் எனக்கு வரும்படி என் பேர் அதில் இருந்தது. மாதாமாதம் வசூலுக்கு வரும் மெய்யப்பன் செட்டியாரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

எழுபத்தொன்பதில் கார்த்திகேசு நவமணியைக் கட்டினான். கமுந்திங்கில் நூல் ஆலையில் வேலை பார்த்த பெண். அவளை வளர்த்த சித்தி, கல்யாணத்தோடு பாரம் இறங்கியது என்று ஒதுங்கிவிட்டாள். வேறு நாதி இல்லை. நல்ல பெண், ஐயா. மீன் குழம்பு வைத்தால் தலையை எனக்கு எடுத்து வைப்பாள்.

அந்த மாதம் வந்த செட்டியார், "கல்யாணம் ஆயிருச்சுல்ல தம்பி, தொகையக் கூட்டணும். பேரையும் மாத்திரணும்லா. இனி பொண்டாட்டி பேருதானே போடணும்?" என்றார்.

"அப்ப அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கு என்ன? மருமக சோறு போடாமலா இருக்கப் போவுது? என்னண்ணே?"

"அதானே," என்று நானும் சிரித்தேன். "நான் என்ன இன்னும் நூறு வருஷமா இருக்கப் போறேன்?"

அடுத்த வசூலில் எல்லாம் முடித்துவிடலாம் என்று செட்டியார் கிளம்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. மகனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் சின்னப் பெண், மறுபடி கட்டிக்கொள்வாள். வருகிறவன் முதல் புருஷனின் தகப்பனுக்கா கட்டில் போடுவான்? நீங்களே சொல்லுங்கள், நியாயமான பயம்தானே?

எனக்குத் தெரிந்த வேலை கதை சொல்வது. ஆனால் யார் நம்புவார்கள்? யோசித்துப் பார்த்ததில் என் தப்பு பிடிபட்டது. நான் எப்போதும் பெரிதாகச் சொல்லிவிடுகிறேன். நம்ப வேண்டுமென்றால் சின்னதாகச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி பாப்பாவிடம் சொன்னேன்: "நம்ம நவமணிக்கு என்னமோ போல இருக்கு. தனியா பேசுது. நீ ஒண்ணும் கேட்டுக்காத, பாவம்."

அவ்வளவுதான். புலி இல்லை, வெள்ளம் இல்லை. பாப்பாவின் முகம் மாறிற்று. அறுபது வயசில் முதல்முறையாக என்னை ஒருத்தி நம்பினாள்.

வீட்டுக்குள்ளும் சின்னதாகத்தான் செய்தேன். உப்பு டப்பா கோழிக்கூண்டில் இருக்கும். அவள் அணைத்துவிட்டுப் போன அடுப்பு திரும்பி வரும்போது எரியும்.

"மாமா, உப்ப இங்கதானே வச்சேன்?"

"வச்சிருப்பம்மா. மறதி யாருக்கு இல்ல? விடு."

ஒருநாளும் அதட்டியதில்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள்.

கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டு, அழுதுகொண்டே உப்பு தேடியவளைப் பாப்பா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "நீங்க சொன்னப்ப வழக்கம்போல அளக்கிறீங்கன்னுதான் நெனச்சேண்ணே," என்று என்னிடமே வருத்தப்பட்டாள். அப்புறம் நான் யாரிடமும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை, ஊரே பார்த்துக்கொண்டது. கார்த்திகேசு கேட்டபோதுகூட, "ஒண்ணுமில்லப்பா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்றுதான் சொன்னேன். அவனாகத்தான் செட்டியாரிடம், பேர் மாற்றுவது இப்போது வேண்டாம் என்றான்.

அங்கேயே நிறுத்தியிருப்பேன், ஐயா. நவமணி விடவில்லை. ஒரு சாயங்காலம் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க மாமா. நீங்க ஒருத்தர்தான் நல்லா பேசுறீங்க. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. அவரு லாரி ஓட்டுறவரு. என் கவலையில அவருக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாது."

இந்தப் பக்கத்தில் உங்கள் பைத்திய ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊர்ப் பேரைக் கோபத்தில் சொன்னாலே கைகலப்பாகிவிடும். இவள் தானாகச் சொன்னாள். உப்பு டப்பாவைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். "பயப்படாதம்மா, நான் கூட வாரேன்," என்பதுதான் வெளியே வந்தது.

அவளை அங்கே சேர்த்த பிறகு ஒருமுறை கார்த்திகேசுவைக் கூட்டிப் போனேன். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாள் அவனால் ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லை.

உங்கள் டாக்டர்கள் கெட்டிக்காரர்கள். சில வாரத்திலேயே தெருமுனைச் சீனன் கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிட்டார்கள். பெண்ணுக்கு ஒன்றுமில்லை, மிரண்டு போயிருக்கிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். வருகிறோம் என்றேன். மகனிடம், முற்றிவிட்டதாம், உன்னைக் கண்டால் அதிகமாகிறதாம், நீ வரவே வேண்டாம் என்கிறார்கள் என்றேன். சட்டையைப் பிடித்ததைப் பார்த்தவன், நம்பினான். பிறகு வந்த ஒவ்வொரு போனுக்கும் ஒரு சாக்குச் சொன்னேன். கடைசியாக, மகன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்றேன். அதை நம்பாமல்தான் உங்களை அழைத்து வந்தாளாக்கும்.

அவன் எங்கே கட்டினான்? ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, ஆரஞ்சும் பஸ் காசும் கொடுத்து, அவளைப் பார்த்துவிட்டு வரச் சொல்வான். நான் ஈப்போவரை மட்டும்தான் போவேன். ரயில் நிலையத்துக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து ஆரஞ்சைத் தின்பேன். வீட்டுக்கு வந்து சொல்வேன். அதைச் சின்னதாகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தன்னை மகாராணி என்கிறாள், வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எனக்குப் பட்டம் கொடுத்தாள். மரத்தில் ஏறிக்கொண்டவளை இறக்கத் தீயணைப்பு வண்டியே வந்தது. கார்த்திகேசு சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்பான்.

ஐந்து வருஷம் ஆயிற்று. கை நடுக்கம் என்று மகன் லாரியை விட்டுவிட்டுப் பலகை ஆலையில் இருக்கிறான். கட்ட முடியாமல் அந்த இன்சூரன்ஸ் போய் இரண்டு வருஷம். அதனால், பணத்துக்காகத்தான் நான் இதைச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வேனில் இருப்பது அவள்தானே? காதோரம் நரைத்துவிட்டது. இறங்கி வரச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் யோசனை. நேற்று ஞாயிறு, போய்வந்து பாதிதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும், "அப்புறம் என்னாச்சுப்பா?" என்பான். இவள் பக்கத்தில் இருந்தால் மீதியை நான் எப்படி ஐயா சொல்வது?