அடிப்பலகை பிளைவுட்

குனிஞ்சு பாத்தது போதும், எழுந்திரிங்க சார். பெட்டிக்குள்ள ஒட்டியிருந்த காகிதத்தைப் பிச்சது நீங்கதானே? இல்லேன்னு சொல்லாதீங்க, நகத்துல துணுக்கு ஒட்டிட்டு இருக்கு. இருபது வருஷமா அந்தக் காகிதத்து மேல ஒருத்தன் மூச்சு விடக்கூடாதுன்னு வெச்சிருக்கார் எங்க அண்ணன். நீங்க வந்து அரை மணி நேரத்துல சுரண்டிட்டீங்க.

நான் யாரா? இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும். காலையில டீ குடுத்தேனே, அப்ப கண்ணு எங்க போச்சு? வேலைக்காரி இல்ல. இந்த மியூசியத்தை நடத்துற மரச்சிற்பி, கீழ பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு உளி பிடிச்சுக் காட்டிட்டு இருக்காரே, அவரோட தங்கச்சி. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இங்கதான் இருக்கேன். கூட்டறது, துடைக்கறது, சமைக்கறது எல்லாம் நான்தான். அப்ப வேலைக்காரிதானேன்னு நெனைக்கறீங்க. நெனைங்க.

என்ன எழுதினீங்க? படிங்க. சத்தமா படிங்க, முணுமுணுத்தா எனக்குக் கேக்காது.

ம். பெட்டி நூறு வருஷப் பழசு இல்ல. அடிப்பலகை பிளைவுட். சரி. அப்புறம்? மியூசியம் நடத்தும் சிற்பியே தன் கையால் செய்து, பழையதுன்னு காட்டி ஏமாத்தியிருக்கார். அடேங்கப்பா. ஒரே மூச்சுல பட்டமும் கட்டிட்டீங்க. உங்க மேலிடத்துல இதைப் படிச்சா மியூசியத்துக்கு ஒரு பைசா உதவி வராது, பேரும் நாறிடும். தெரிஞ்சுதான் எழுதறீங்க?

சும்மா இருங்க. முறைக்காதீங்க, இதைவிடப் பெரிய முறைப்பெல்லாம் நான் பாத்தாச்சு. எனக்கும் அவருக்கும் ஆகாது, அதை முதல்லயே சொல்லிடறேன். பாசம் பொங்கி வந்து நிக்கல. ஊர்ல எவன் வீட்ல பழைய முக்காலி கிடந்தாலும், செருப்பு தைக்கற கட்டை கிடந்தாலும், வண்டி எடுத்துட்டு ஓடுவார். நல்லாத்தான் சேத்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீட்ல உக்கார ஒரு நாற்காலி கிடையாது. எல்லாத்துக்கும் கயிறு கட்டி, தொடாதேன்னு எழுதி மேல ஏத்திட்டார். நாங்க பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்து சாப்பிடறோம். சாப்பாடு அஞ்சு நிமிஷம் தள்ளிப்போனா தெருவுக்கே கேக்கும் அவர் குரல். கோவக்காரர், கருமி, யாரையும் மதிக்க மாட்டார். ஆனா ஏமாத்துக்காரர் இல்ல. ஏமாந்தவர்.

யார்கிட்டயா? என் நாத்தனார் வீட்ல. அங்கேர்ந்துதான் இந்தப் பெட்டி வந்துச்சு. எந்தக் காலத்துதுன்னு இவர் கேட்டிருக்கார். எங்க கொள்ளுத்தாத்தா காலத்துதுன்னு நாத்தனார் புருஷன் ஒரே போடா போட்டுட்டார். புதுசுன்னா இவர் எடுக்க மாட்டாரே, அவங்களுக்கு வீட்ல இடம் அடைக்குது. உள்ள ஒட்டியிருந்த மேப்பைப் பாத்துட்டு இவரும் ஆமா நூறு வருஷம்னு கணக்குப் போட்டார். மேப் பழசு சார். அதனால பெட்டியும் பழசாயிடுமா? அதெல்லாம் அவருக்குத் தோணல. முன்பக்கத்துல செதுக்கியிருந்த கொடியையும் குருவியையும் பாத்ததுமே ஆள் அவுட்டு.

வர்றவங்களையெல்லாம் இதுக்கு முன்னாடி நிறுத்துவார். இந்தக் கை இன்னைக்கு யாருக்கும் கிடையாது, எனக்கே கிடையாது, இதைச் செஞ்ச இவர் இடதுகைக்காரர், மகான்னு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். இவர், இவர்னு மரியாதை வேற. நான் பக்கத்துல துணிய வெச்சுட்டு ஜன்னல் துடைச்சுட்டு இருப்பேன்.

என்னது, வேணும்னே இடது கையால செதுக்கியிருப்பாரா? அவர் இடது கையால ஒரு சட்டைப் பொத்தான் போடட்டும், அப்புறம் பேசுங்க.

பிளைவுட், பிளைவுட்னு அதையே பிடிச்சுட்டு நிக்காதீங்க. பிளைவுட்தான். கையில பலகை பத்தல. நல்ல பலகையெல்லாம் முன்பக்கத்துக்கும் மூடிக்கும் போயிடுச்சு. தச்சுக்கடையில மிச்சம் கிடந்தது அதுதான். அது தெரியக்கூடாதேன்னு மாமனார் வெச்சிருந்த கிழிஞ்ச மேப்பை எடுத்து ஒட்டினேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார், வீடு பூரா மேப்தான்.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, நான்தான் செஞ்சேன். நாத்தனார் கல்யாணத்துக்கு. புகுந்த வீட்ல வெச்சு, நாலு மாசம்.

அப்பா கத்துக்குடுக்கல. அண்ணனுக்குத்தான் கத்துக்குடுத்தார், பக்கத்துல உக்கார வெச்சு. எனக்கு வேலை, எதிர்ல உக்காந்து பலகை நகராம அழுத்திப் பிடிக்கறது. அப்பாவோட வலது கை எனக்கு எதிர்ல இடது பக்கம்தானே? அப்படியே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். எழுதறது, சாப்பிடறது எல்லாம் வலது கைதான். உளியைத் தட்டற கொட்டாப்புளியை மட்டும் இடது கையிலதான் பிடிக்க வரும். அந்த இலை மேல கட்டை விரலை வெச்சு இழுத்துப் பாருங்க. வெட்டு எந்தப் பக்கம் சாயுது? அப்புறம் கீழ போய் அண்ணன் செதுக்கின கதவைத் தடவிப் பாருங்க. கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கும்.

அவருக்குத் தெரியாது. நான் உளியைத் தொட்டதே அவருக்குத் தெரியாது. ஏன் சொல்லல, ஏன் சொல்லலன்னா என்ன சொல்றது? சொன்ன அன்னைக்கே அந்தக் குருவி மூக்கு கோணல், இந்த இலை தடிப்புன்னு ஆரம்பிச்சிருப்பார். அப்புறம் மகானும் கிடையாது, மண்ணும் கிடையாது. என்னை ஒரு நாள் ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல சார் அந்த மனுஷன். இந்தப் பெட்டிக்கு முன்னாடி நின்னாத்தான் சொல்வார். அதுவும் போகணுமா?

என் பேரை எழுதறீங்களா? வேண்டாம். பேனாவை மறுபடி காகிதத்துல வைக்காதீங்க, நான் கேட்டது அது இல்ல.

யார் செஞ்சாங்கன்னு தெரியாதுன்னு இத்தனை வருஷம் பெட்டிக்குப் பக்கத்து அட்டையில போட்டிருந்தார் அண்ணன். எனக்கு வலிக்கவே இல்ல. அது நான்னு எனக்குத் தெரியும், போதும். இப்ப நீங்க வந்து, அண்ணன் தன் கையால செஞ்சார்னு எழுதறீங்க. திட்டித்தான் எழுதறீங்க, ஆனா படிக்கறவன் என்ன சொல்வான்? ஏமாத்தினாலும் எப்பேர்ப்பட்ட கைடா இந்தாளுக்குன்னு சொல்வான். அவரைத்தான் சொல்வான்.

அவரைக் காப்பாத்தத்தான் மூச்சு வாங்கப் பேசறேன்னு நெனச்சீங்களா? போலின்னு எழுதுங்க. பணம் குடுக்காதீங்க. மூடணும்னா மூடிட்டுப் போங்க, எனக்குக் கூட்டற வேலை மிச்சம். தன் கையால்னு போட்டிருக்கீங்களே, அந்த ஒரு வரியை மட்டும் என் கண்ணு முன்னாடி அடிங்க.