மூன்று பெயரில் ஒரே மருந்து

— ஏங்க... ஏங்க, கண்ணத் தொறங்க. மறுபடியும் சாயாதீங்க, அது எங்கம்மா தையல் மிஷினு. ஊசி இருக்குது.

— ஆங்... யாரு? அத்தையா?

— அத்தை இல்லைங்க. நான் வெற்றிச்செல்வி. நீங்க என்னையத்தான் பொண்ணு பாக்க வந்திருக்கீங்க. கீழப்பழுவூர்ல, எங்க வூட்டுல ஒக்காந்திருக்கீங்க.

— அய்யய்யோ! நான் தூங்கிட்டனா?

— தூங்குனீங்களாவா? கூடத்துல எல்லாரும் பாத்துக்கிட்டிருக்க, கேசரித் தட்டோட எங்க சித்தப்பா தோள்ல சாஞ்சி கொறட்ட விட்டீங்க. நான் காப்பிய நீட்டுறேன், நீங்க வாயப் பொளந்துக்கிட்டு இருக்கீங்க.

— மானம் போச்சு. உங்கப்பா என்னங்க சொன்னாரு?

— "பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டு வந்திருக்கான், எந்திரிச்சிப் போவச் சொல்லு"ன்னாரு. பொண்ணும் பையனும் கொஞ்ச நேரம் தனியாப் பேசிக்கட்டும்னு கெஞ்சி, நான்தான் உங்கள இந்த ரூமுக்கு இழுத்தாந்தேன். கதவு தொறந்துதான் கெடக்குது, மெதுவாப் பேசுங்க. குடிச்சிருக்கீங்களா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.

— சத்தியமா இல்லைங்க! எங்க குலசாமி மேல ஆணை. சளிக்கு மாத்திரதான் போட்டேன்.

— எத்தன?

— வூட்டுல ஒண்ணு...

— இழுக்காதீங்க. நான் அரியலூர்ல மெடிக்கல்ல மருந்து எடுத்துக் குடுக்குறவ, தரகர் சொல்லியிருப்பாரே. மறைக்கிற மூஞ்சிய தெனமும் பாக்குறேன்.

— சொல்லிடுறேங்க. ரஞ்சன்குடியில கெளம்பறப்ப சம்பூர்ணம் அத்தை ஒண்ணு குடுத்தாங்க, மஞ்சக் கலரு. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட பெரியப்பா ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு, அது வெள்ள. அரியலூர் வந்ததும் மூக்கு நமநமன்னுச்சு. அத்தை பையிலேர்ந்து செவப்புத் தண்ணி மருந்து ரெண்டு மூடி ஊத்துனாங்க. அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா! ஏங்க, சளி புடிச்சா நாலு நாள்ல தானாப் போவப் போவுது. அதுக்கு இம்புட்டு அவசரமா?

— சளி போவணும்னு இல்லைங்க. தும்மக் கூடாது. அதான் விஷயம்.

— என்னது?

— நான் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின் வச்சிருக்கேன். வேப்பந்தட்டப் பக்கம் பூரா நம்ம மிஷினுதான் போவும். அந்தத் தூசி மூக்க விட்டுப் போவ மாட்டேங்குது. எங்க பெரியப்பாவுக்குச் சகுனம்னா உசுரு. போன வருசம் ஒரு பொண்ணு பாக்கக் கெளம்புனோம். வாசப்படியில தும்முனேன், வண்டியத் திருப்பிட்டாரு. அப்புறம் குன்னம் பக்கம் ஒரு எடம். பொண்ணு நிமுந்து என்னப் பாக்குது, நான் தும்முறேன். அவங்க வெத்தலத் தட்ட எடுத்து உள்ள வச்சிட்டாங்க. இந்த எடமாச்சும் அமையணும்னு குடும்பமே சேந்து என் மூக்குக்குப் பூட்டுப் போட்டுருச்சு.

— சிரிப்புதான் வருது. ஆனா சிரிக்கிற விஷயம் இல்லைங்க இது. அந்த அட்டைங்க இருக்கா?

— சட்டைப் பையில இருக்கு, இந்தாங்க. பேரெல்லாம் வேற வேறங்க. அதனாலதான் தைரியமாப் போட்டேன்.

— பேரத்தானே முன்னாடி பெருசாப் போடுவான்? திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தப் படிங்க. இதுல இருக்குறதுதான் அதுலயும் இருக்கு. அந்தச் செவப்பு மருந்த உங்க அத்தை எங்கம்மாவுக்கே எடுத்துக் காட்டிப் பெருமை பேசுனாங்க, நான் பாட்டிலப் பாத்தேன். அதுலயும் அதே கூட்டணிதான். தும்மல நிறுத்துற மருந்து ஒண்ணு, மூக்கடைப்ப எடுக்குற மருந்து ஒண்ணு. மொத மருந்து ஆளத் தூங்கப் போட்டுரும். அத அடுக்கடுக்காப் போட்டா சித்தப்பா தோள்லதான் சாயணும்.

— ரெண்டாவது?

— வாயக் காய வைக்கும். நெஞ்சப் படபடன்னு அடிக்க வைக்கும்.

— அட! அடிக்குதுங்க! நீங்க காப்பியோட வர்றப்பவே அடிச்சிச்சி. நான் வேற என்னமோன்னு நெனச்சேன்.

— என்னன்னு நெனச்சீங்க?

— அதச் சொல்ல மாட்டேங்க.

— கையக் குடுங்க.

— இப்பவேவா? பெரியவங்க இன்னும் பேசி முடிக்கலியே...

— நாடி பாக்குறதுக்குங்க! கொஞ்சம் பேசாம இருங்க... ம். வேகமாத்தான் ஓடுது, ஆனா சீரா இருக்கு. இந்தச் செம்புத் தண்ணியக் குடிங்க. இன்னிக்கி இனிமே சளிக்குன்னு எதையும் தொடாதீங்க. படபடப்பு அடங்காம நெஞ்சு வலிச்சாலோ மூச்சு வாங்குனாலோ கூச்சப்படாமச் சொல்லிடணும், நேரா ஆஸ்பத்திரிதான். ஆமா, வண்டிய யாரு ஓட்டியாந்தது?

— நான்தாங்க.

— என்ன?

— அரியலூர் தாண்டி ஒரு எடத்துல கண்ணு செருகிருச்சி. எதுக்க வந்த சிமெண்ட் லாரிக்காரன் ஆரன் அடிச்சப்பதான் முழிச்சேன். வண்டியில யாருக்கும் தெரியாது.

— என்ன ஆளுங்க நீங்க! எங்கப்பா நெனச்ச மாதிரி குடிச்சிட்டு ஓட்டுறதுக்கு இது எந்த விதத்துல கொறச்சல்? வண்டி நெறைய ஆளுங்க, பச்சப்புள்ள வேற. தும்மாம வந்தீங்க சரி, வராமயே போயிருந்தா அது நல்ல சகுனமா?

— தப்புதாங்க. பெரிய தப்பு. திரும்பிப் போறப்ப தம்பி பாலாஜி ஓட்டட்டும். சாவி இந்தாங்க, நீங்களே அவன் கையில குடுங்க.

— குடுங்க. அந்தப் பச்சப்புள்ளைக்கும் ஏதாச்சும் ஊத்துனாங்களா?

— எங்க அக்கா மவளுக்கா? அத்தை ஒரு மூடி ஊத்தப் பாத்தாங்க, அது த்தூன்னு துப்பிருச்சி.

— உங்க கூட்டத்துலயே அதுதான் வெவரமான ஆளு. டாக்டர் சொல்லாம சின்னக் கொழந்தைக்கு இத வாயில வைக்கவே கூடாது. இன்னொண்ணு. உங்க பெரியப்பா வந்ததுலேர்ந்து கொல்லப்பக்கம் போறாரு, வர்றாரு, மூஞ்சியச் சுளிக்கிறாரு, மறுபடியும் போறாரு. அவரும் போட்டாரா?

— ரெண்டாவது போடறப்ப நான் யோசிச்சேன். என் தொணைக்கு அவரும் ஒண்ணு முழுங்குனாரு.

— மாப்பிள்ளைக்குத் தோழன் கேள்விப்பட்டிருக்கேன். மாத்திரைக்குமா?

— அவருக்கு பிரஷர் வேற இருக்குங்க.

— நல்ல குடும்பம்!

— என்னைய வேற ஒண்ணும் கேக்கலியாங்க நீங்க?

— ஒண்ணே ஒண்ணு. இதுக்கு முன்னாடி பாக்க வந்தவங்கல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் மெடிக்கல் வேல எதுக்குன்னாங்க. நீங்க?

— அந்த வேலைய விட்டுட்டா எங்க வூட்டுல ஒருத்தரும் உசுரோட இருக்க மாட்டாங்க. நீங்கதான் பாத்தீங்களே. பெரம்பலூர்ல இல்லாத மெடிக்கலா? மிஷின் ஓட்டாத நாள்ல நானே கொண்டாந்து விடுறேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க. மாத்திர பேசல, நான்தான் பேசுறேன். உங்களுக்கு?

— நீங்க குடிக்கலன்னு அப்பாகிட்ட சொல்றேன். மத்தத இப்பக் கேக்காதீங்க. யோசிக்கணும்.

— டேய் அருளு! முழிச்சிட்டியா? அப்பாடா! அம்மாடி, தப்பா நெனச்சிக்காத. நான் இவன் பெரியப்பன், அய்யம்பெருமாள். தங்கமான புள்ளம்மா, ஒரு சொட்டு தொட்டதில்ல. டேய், சித்த நேரத்துல எமகண்டம் வந்துரும். இந்தா, இன்னொரு மாத்திர கைவசம் வச்சிருக்கேன், டப்புன்னு போட்டுக்க. சம்மதம் சொல்றப்ப உன் மூக்கு மானத்த வாங்கிடக் கூடாது.

— அத இங்க குடுங்கய்யா.

— ஏம்மாடி புடுங்குற?

— ஐயா, நீங்க ஒண்ணுக்குப் போயி எவ்வளவு நேரமாச்சு?

— என்ன புள்ள இது! பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு கேக்குற கேள்வியா இது?

— மெடிக்கல்ல தெனம் கேக்குறதுதான். போவணும்னு முட்டுது, போனா வர மாட்டேங்குது. அதானே?

— அப்படித்தான் இருக்கு. புது எடமாச்சே, கூச்சமோன்னு விட்டுட்டேன்.

— கூச்சமில்லைங்கய்யா, நீங்க முழுங்குன மாத்திர. உங்க வயசுல அது நீர அடச்சிப்புடும், பிரஷரையும் ஏத்தும். சளி வந்தா "எனக்கு பிரஷர் இருக்கு"ன்னு கடையில சொல்லித்தான் வாங்கணும். இங்கேர்ந்து நேரா அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரப் பாத்துட்டுத்தான் நீங்க ஊருக்குப் போவணும்.

— சரிம்மா, சரி. ஆனா இவன் மாத்திர போடலன்னா தும்மிருவானே?

— தும்மட்டும். மூக்குன்னா தும்மத்தான் செய்யும்.

— உனக்கென்னம்மா, சுளுவாச் சொல்லிட்ட. உங்கப்பா என்னையக் காட்டிலும் சகுனம் பாக்குறவராம், தரகன் சொன்னான். சரி, மொதல்ல இந்தப் பழியத் தொடைக்கிறேன். அங்கமுத்து சம்பந்தி! குடி இல்லீங்க, மாத்திரைங்க! இந்தா பாருங்க அட்டைய! உங்க மவளே சொல்லுது! ஆமாங்க, நாங்கதான் கூறுகெட்டுக் குடுத்துட்டோம்!... அம்மாடி, சிரிக்கிறாரு உங்கப்பா! வெத்தலத் தட்டக் கையில எடுத்துட்டாரு! டேய் அருளு, இதான் நேரம். இங்க நெலப்படிகிட்ட நின்னு அவரு காதுல விழுற மாதிரிச் சொல்லு. பொண்ணு புடிச்சிருக்கா?

— புடிச்சிருக்கு பெரியப்பா. எனக்கு முழுச் சம்ம... சம்ம... அ... அச்சூ!

— போச்சு! போச்சுடா! சம்மதம்னு சொல்ல வந்து, நடுவுல ஒத்தத் தும்மல்! இதவிடக் கெட்ட சகுனம் உலகத்துலயே கெடையாதேடா! அங்க பாரு, தட்டக் கீழ வச்சிட்டாரு. துண்ட ஒதறிக்கிட்டு எந்திரிக்கிறாரு. அவ்வளவுதான். சம்பூர்ணம், பைய எடு, கெளம்பலாம்.

— அச்சூ!

— யாரு? இப்ப யாரு தும்முனது? நீயாம்மா?

— ஆமாங்க மாமா. அடக்க முடியல, மன்னிச்சிருங்க.

— மன்னிப்பா? அடி என் மவராசி! ஒண்ணு தும்முனாத்தான் தடங்கல். அடுத்தாப்புல இன்னொண்ணு விழுந்தா காரியம் செயம்! சம்பந்தி, கேட்டீங்களா? ரெட்டத் தும்மல்! பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு! இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்? ஒக்காருங்க, ஒக்காருங்க! தட்ட எடுங்க, இதோ வந்துட்டேன்!

— ஏங்க... என் சளி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா? பாவமே, நீங்களாச்சும் ஒரே ஒரு மாத்திர போட்டுக்கங்க.

— எனக்கு ஏதுங்க சளி?