ஊர் வைத்த பேர்

கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாத பூட்டு எண்ணை, போன் ரிப்பேர் கடையில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள் மனிதர்கள். அப்படி ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. யாருடைய படத்தையும் பார்த்ததில்லை, யாருடைய செய்தியையும் படித்ததில்லை. ஒரே ஒரு எண்ணைத்தான் அவர்கள் போன்களில் சேமித்தேன். அதுவும் வேற்றாள் எண் இல்லை, என் சொந்தச் சகலையுடைய எண்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. ரத்ததானம் அவருக்குப் பொழுதுபோக்கு. சிலர் மீன் தொட்டி வைப்பார்கள், சிலர் சீட்டாடுவார்கள். இவர் ஊரார் ரத்தத்தை ஊராருக்கு எடுத்துக் கொடுத்து நல்ல பேர் வாங்குவார். எங்கேயாவது ஆபரேஷன், விபத்து என்றால் உடனே இவருக்குத் தகவல் வரும். இவர் போனை எடுத்து, கொடுக்கச் சம்மதித்துப் பதிவு செய்தவர்களை வரிசையாகக் கூப்பிடுவார். ஒருமுறை ரத்தம் கொடுத்தவர் சில மாதங்களுக்கு மறுபடி கொடுக்க முடியாதாம். அதனால் எப்போதும் புதிய ஆட்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அவர்களுக்கு இவர் குரலும் தெரியாது, எண்ணும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

நான் மூத்த மாப்பிள்ளை. மாமனார் வீட்டில் குழாய் ஒழுகினாலும், தொலைக்காட்சி தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நாலு பேர் வந்திருக்கும்போது அறிமுகப்படுத்துவது மட்டும் இளைய மாப்பிள்ளையை. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே சாப்பிடக் கூடியிருந்தோம். மாமனார் புதுப் போன் வாங்கியிருந்தார். யார் கூப்பிடுகிறார்கள், எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் செயலியை அதில் போட்டுக் கொடுத்தவன் நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் யாருடைய எண்ணையும் அதில் ஏற்றவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவருக்குச் சோதித்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

"ரெண்டு மாப்ளையும் ஒவ்வொருத்தரா எனக்குப் போன் போடுங்க. என்ன காட்டுதுன்னு பாக்கலாம்."

சகலை முதலில் போட்டார். திரையில் பச்சை நிறத்தில் வந்தது, 'உயிர் காத்த தம்பி' என்று. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அடுத்து நான் போட்டேன். 'டிஸ்பிளே திருடன்' என்று வந்தது.

"என்ன மாப்ள, இப்படி வருது?"

"செயலி சில நேரம் தப்பாக் காட்டும் மாமா."

"அவருக்கு மட்டும் சரியாக் காட்டுதே."

வீடு முழுக்கச் சிரித்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அதாவது மரியாதையாக. சகலை சிரிக்கவில்லை. "எவனோ வேலைவெட்டி இல்லாதவன் பண்ணியிருப்பான், விடுங்க மாமா" என்று எனக்காகப் பரிந்து பேசினார். மற்றவர்கள் சிரித்ததைக்கூட மன்னித்துவிட்டேன் ஐயா. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கொழுந்தியாள் மட்டும் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம் நிறைந்திருந்தது.

"என் போன்ல மாமான்னு மட்டும்தான் வரும். நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க" என்றாள்.

நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

டிஸ்பிளே விஷயம் உண்மையா என்று கேட்பீர்கள். சில போன்களில் ஒரிஜினலைக் கழற்றிவிட்டு டூப்ளிகேட்டை மாட்டியிருக்கிறேன். ஆனால் திருட்டு என்பது பெரிய வார்த்தை. பார்க்கிறவன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாதபோது நான் யாரிடமிருந்து எதை எடுத்தேன்.

அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே அறிவாளி யாரும் உட்கார்ந்து விசாரித்துச் சொல்வதில்லை. நாலு பேர் தங்கள் போனில் உங்களை என்ன பேரில் சேமித்திருக்கிறார்களோ, அதையே எடுத்து ஐந்தாவது ஆளுக்குக் காட்டும். மோசடி என்று நிறைய பேர் புகார் அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். ஊர் என்ன சொல்கிறதோ அதுதான் உங்கள் பேர். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் என் மேசையில் தினமும் பாதி ஊர் படுத்துக் கிடக்கிறது, பூட்டைத் திறந்துகொண்டு. ஊர் என்ன சொல்ல வேண்டும் என்று நானே முடிவு செய்யலாம் என்பது எனக்கு இவ்வளவு தாமதமாகத் தோன்றியதுதான் ஆச்சரியம்.

ரிப்பேர் முடிந்த எந்தப் போனையும் ஒரு கால் போட்டுச் சோதிக்காமல் நான் கொடுப்பதில்லை. அது தொழில் சுத்தம். அந்தச் சோதனையோடு சோதனையாகச் சகலை எண்ணை 'ரத்த வியாபாரி' என்று சேமிப்பேன். செயலி அதை மேலே ஏற்றிக்கொண்டதும் மோசடி என்று ஒரு புகார், கூடவே அந்த எண்ணுக்கு ஒரு தடை. பிறகு பேரை அழித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று கையில் கொடுப்பேன். செயலி இல்லாதவர்களுக்கு இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரே பேராக இருந்தால் சந்தேகம் வரும் என்று 'கிட்னி கும்பல்', 'ஆஸ்பத்திரி ஃபிராடு' என்றும் அவ்வப்போது மாற்றிக்கொண்டேன். வேலையென்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

கொஞ்ச நாளில் பலன் தெரிந்தது. சகலை ஒரு மாலை கடைக்கு வந்தார்.

"அண்ணே, இப்பல்லாம் யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. ரிங் போய்க்கிட்டே இருக்கு, கட் பண்ணிடறாங்க. போன்ல ஏதாவது கோளாறா?"

தன் பேர் அடுத்தவன் திரையில் எப்படித் தெரிகிறது என்பதைத் தானாகப் பார்க்க யாருக்கும் வழியில்லை. வீட்டார் போன்களிலும் பழைய நண்பர்கள் போன்களிலும் அவர் பேர் ஏற்கெனவே பதிந்திருப்பதால் அங்கே ஒழுங்காகத்தான் வரும். நான் அவர் போனைத் திறந்து, மைக் ஓட்டையில் இருந்த தூசியைத் தட்டி, "டவர் பிரச்சனைப்பா, சரியாயிடும்" என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அந்த நாட்களில் எங்கேயோ யாருக்கோ ரத்தம் கிடைக்காமல் போயிருக்கலாம். எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

கொழுந்தியாளுக்கு எளிதில் கிடைக்காத ரத்த வகை. பிரசவத்துக்கு ஆள் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். சகலையும் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். ஆனால் குழந்தைக்கு அவசரம். குறித்த தேதிக்கு வெகுநாள் முன்னதாகவே வலி வந்துவிட்டது. அந்த இருவரில் ஒருவர் வெளியூரில் இருந்தார், மற்றவர் காய்ச்சலில் படுத்திருந்தார். நட்டநடு மதியம். குழந்தை பிறந்துவிட்டது, அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த கொஞ்ச ரத்தமும் தீர்ந்துவிட்டது. மாமனாரும் என் மனைவியும் தூரத்தில் இருக்கும் ரத்த வங்கிக்கு ஓடினார்கள். மாமியார் வீட்டில் இருந்தார். தியேட்டர் வாசலில் நானும் சகலையும் மட்டும்.

அவர் கூப்பிட ஆரம்பித்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணி போகும், யாரோ துண்டிப்பார்கள். மணி போகும், துண்டிப்பார்கள். சிலருக்கு மணியே போகவில்லை. "எடுங்க சார், எடுங்கம்மா" என்று போனைப் பார்த்துக் கெஞ்சினார், எதிரில் ஆள் நிற்பதுபோல. நான் எழுந்து போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன். அந்த நேரத்தில் அவருக்கு ஆதரவாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

கடைசியில் ஒருவர் எடுத்தார். எடுத்த வேகத்தில் அவர் கத்தியது என் காதுவரை கேட்டது. "ரத்தம் விக்கிறவனே, இன்னொரு தடவை போன் பண்ணினே, போலீசுக்குப் போவேன்."

சகலை போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவர் என் பக்கம் திரும்புவதற்குள் என் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, என் நம்பர்ல என்னமோ தப்பாக் காட்டுது. உங்க போனைக் குடுங்கண்ணே, சீக்கிரம்."

"சார்ஜ் இல்லப்பா" என்றேன். எடுத்துக் கறுப்புத் திரையையும் காட்டினேன்.

போன் கடை வைத்திருப்பவன் போனில் சார்ஜ் இல்லை என்பதை அவர் அப்படியே நம்பினார். நல்லவர்களோடு பழகுவதில் இது ஒரு வசதி. படிகளில் விழுந்தடித்து இறங்கி ஓடி, வெளி கேட்டில் இருந்த காவலாளியின் போனை வாங்கிக் கூப்பிட்டார். முதல் ஆளே உடனே எடுத்தாராம். யாரோ ஒரு தச்சர். வேலையைப் போட்டது போட்டபடி வண்டியில் பறந்து வந்தார். அவர் சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அவர் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா வெளியே வந்து, இனி வேண்டாம் என்று சொன்னார்.

நான் அழுதேன் ஐயா. நடிப்பு இல்லை. காடு வரைக்கும் தோள் கொடுத்தவன் நான்தான், சகலையால் நிற்கவே முடியவில்லை.

குழந்தை எங்கள் வீட்டில்தான் வளர்கிறது. பெண் குழந்தை, தாயின் மூக்கு. சகலை யாரையும் கூப்பிடுவதில்லை, வருகிற போனையும் எடுப்பதில்லை. மாமனார் இப்போது எதற்கெடுத்தாலும் என்னைத்தான் தேடுகிறார். போன மாதம் யாரோ வந்திருந்தபோது, "இவர்தான் எங்களுக்கு எல்லாமே" என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார். குற்றவாளியிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா, நீங்களே சொல்லுங்கள்.

என்னைக் காட்டிக் கொடுத்தவர் ஒரு டீச்சரம்மா. அவர் ரத்தம் கொடுக்கப் பதிவு செய்திருந்தாராம், கொழுந்தியாளின் அதே வகை. அன்றைக்குச் சகலை அவரையும் கூப்பிட்டிருக்கிறார். பிறகு விஷயம் கேள்விப்பட்டு, தனக்கு ஏன் அழைப்பே வரவில்லை என்று போனைத் துருவிப் பார்த்திருக்கிறார். தடை செய்த எண்களில் சகலை எண் இருந்திருக்கிறது, தடை போட்ட தேதியோடு. அந்தத் தேதியில் அந்தப் போன் என் கடையில் சார்ஜ் பின் மாற்றக் கிடந்தது. பேரையெல்லாம் ஒழுங்காக அழித்த நான், தடை தேதியோடு பட்டியலில் நிற்கும் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன். இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு கவனக்குறைவு. அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்தம்மாவும் உங்களிடம் அழுதாராம். ஒரு செயலி சொன்னதை நம்பி, ஒரு வார்த்தை என்னவென்று கேட்காமல் துண்டித்த அத்தனை பேரையும் நீங்கள் விசாரிக்கப் போவதில்லை. நான் ஒரு பேர் வைத்தேன், அவ்வளவுதான். துண்டித்தவர்கள் அவர்கள்.

என் போனில் அன்றைக்கு எவ்வளவு சார்ஜ் இருந்தது என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். நிறையவே இருந்தது. காலையில்தான் கடையில் முழுதாக ஏற்றியிருந்தேன். அப்படியென்றால் ஏன் கொடுக்கவில்லை என்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் போனிலிருந்து கூப்பிட்டிருந்தால் யாராவது எடுத்திருப்பார்கள், உடனே வந்திருப்பார்கள், அவளும் பிழைத்திருப்பாள். பேர் மட்டும் அவருக்குப் போயிருக்கும்.